எஞ்சின் தண்ணிய நக்கிப் பாத்தவ

வாங்க, உள்ள வாங்க. செருப்பு வெளியவே கெடக்கட்டும், இங்க யாரும் எடுக்க மாட்டாக. இந்த நாற்காலில இருங்க. மதுரைலயிருந்தா வாரிய? பஸ்ஸுல நிக்க எடமில்லாம வந்திருப்பிய, இந்த வழித்தடம் அப்படித்தான். கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லவா? வேண்டாமா? சரி, தண்ணியாவது குடிங்க.

ஜெனோவாவ விசாரிக்க வந்தியளா. ம். பையனுக்கு அம்மாவா நீங்க? பாத்தா அப்படித் தெரியல, அக்கான்னு நெனச்சேன். எதுத்த வீட்டுல கேட்டியளா? கேக்கலயா. நேரா இங்கதானா. நல்லது.

நான் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா. அவ அப்பன் லாசரு எங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த தம்பி. பெரியம்மா வாயால பிள்ளையப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை வரக்கூடாது. பொண்ணு காரியம் பாருங்க. அத ஒருத்தி கெடுத்தான்னா அந்தப் பாவம் அவ பிள்ளைங்க தலையில விடியும். அதனால நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நடந்தத மட்டும் சொல்லுதேன். நடந்ததச் சொல்லுதது தப்பில்லைலா?

உங்க மாமனார் காலத்துலயே கடல விட்டுட்டியன்னு தரகர் சொன்னாரு. வள்ளத்தப் பாத்திருப்பிய. எங்க வள்ளத்துல எஞ்சின் வெளிய தொங்காது. வயித்துக்குள்ள இருக்கும், பலகைக்குக் கீழ. லாரி எஞ்சின் மாதிரி பெருசு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வாங்குனது. பாதி எங்களுது, பாதி லாசருது. பதினஞ்சு வருசம் ஒரே வள்ளத்துல போயி ஒரே வலைய இழுத்தாக. எனக்கும் லாசரு பொஞ்சாதி ரெஜினாளுக்கும் ஆகாது, அது வேற. பொம்பளைக்கும் பொம்பளைக்கும் ஆகாட்டி வள்ளம் ஓடாமலா போயிரும்? ஓடிச்சு.

எல்லாம் போன வருசம் தடைக்காலத்துல ஆரம்பிச்சது. கடலுக்குப் போகக் கூடாதுன்னு கவர்மெண்டு நிப்பாட்டிருவாம்லா, அப்பதான் எல்லாரும் வள்ளத்தக் கரையில ஏத்தி வேலை பாப்பாக. எம் மகன் டெல்வின் இருக்கானே, அவன் மூளை வேற மூளை. வெளிநாட்டுக்குப் போகப் பேப்பர் போட்டிருக்கான், வந்துரும். அவன் பாத்தான், எஞ்சினுக்குப் பின்னால சைலன்சர் பைப்பு மேல போயி வளைஞ்சு கீழ எறங்கி வெளிய போகுது. அந்த வளைவு எடத்த அடைக்குது. அத வெட்டி நேரா விட்டா இன்னொரு ஐஸ் பெட்டி வைக்கலாம்னான். இத்தன வருசம் ரெண்டு ஆம்பளைக்கு இந்த யோசனை வந்துச்சா? வரல. அவனே வெல்டிங்காரன வச்சு வெட்டி நேராக்கி, பெட்டியவும் வச்சிட்டான். நான் போயிப் பாத்தேன். அழகா இருந்துச்சு.

தடை முடியப் போகுதுன்னு வள்ளத்த எறக்கி, தண்ணியில கட்டிப் போட்டு, எஞ்சின ஓட்டிப் பாத்தாக. நல்லா ஓடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு இவுக, எங்க வீட்டுக்காரரு, ஆயில் அளவு பாக்குற கம்பிய உருவிப் பாத்தா, அக்கா, ஆயில் கறுப்பா இருக்கணும்லா? டீ மாதிரி இருக்கு. பால் டீ. நுரை வேற. கரையில இருந்தவனெல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டு, ஆயில்ல தண்ணி ஏறிட்டுன்னு தலையில கை வைக்கான். இப்படியே ஓட்டுனா நடுக்கடல்ல எஞ்சின் எறுகிப் போயி நின்னுரும்னான்.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. ரெஜினாள். முந்தின நாள் அவ தண்ணிக் கொடத்தோட வள்ளத்துக்குப் போனத நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பலகை கழுவப் போனாளாம். தடைக்காலத்துல யாரு பலகை கழுவுதா? எம் மகன் பெட்டி வச்சது அவளுக்குப் பொறுக்கல. ஆயில் மூடியத் தொறந்து ஊத்திட்டியான்னு அவகிட்ட கரையில வச்சே கேட்டேன். இல்லவே இல்லன்னு அழுதா. அழுதா விட்டுருவேனா. கோயில்ல வந்து பீடத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணுன்னேன். பண்ணிட்டா, அக்கா. கை நடுங்காமப் பண்ணிட்டா. எவ்வளவு கல் நெஞ்சு இருந்தா அப்படிப் பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க.

நான் அந்தோணியார் கெபியில, அந்தச் சின்னக் கோயில்ல, பொய்ச் சத்தியம் பண்ணுனவள அவரே கேக்கட்டும்னு உப்பும் மிளகும் போட்டுட்டு வந்தேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள காரியம்.

அந்த ஞாயித்துக்கெழமதான் இந்த மகராசி வந்தது. ஜெனோவா. தூத்துக்குடியில ஜெனரேட்டர் ரிப்பேர் பாக்குற கம்பெனில வேலை. பிளஸ் டூல நல்ல மார்க்கு. நர்சிங் சேருட்டின்னு நான்தான் தலையில அடிச்சுச் சொன்னேன். கேக்கல. ஐடிஐல டீசல் மெக்கானிக் படிச்சா. பையன்களுக்கு நடுவுல ஒத்தப் பொம்பளப்பிள்ளை. இதையும் நீங்க மனசுல வச்சுக்கிடுங்க.

வந்தவ, அம்மாவ ஊர் முன்னால வச்சு இப்படிப் பேசிட்டாகளேன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்திருந்தா, சரி, பெத்த பாசம்னு விட்டிருப்பேன். சண்டை போடல. ஒரு வார்த்தை கேக்கல. பூசை முடிஞ்சு வந்து, சேலைய மாத்திட்டு ஒரு பழைய பேண்ட மாட்டிக்கிட்டு வள்ளத்துல ஏறிட்டா. அதுதான் திமிரு. வாயத் தொறந்து சண்டை போடுறவள நம்பலாம்.

அந்த ஆயில ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து, வெயில்ல ஒரு ஓரமா வச்சா. மத்தியானத்துக்குள்ள ஆயில் மேல நின்னுச்சு, தண்ணி அடியில எறங்குச்சு. பாட்டில மெல்லச் சாய்ச்சு, அடித்தண்ணிய வெரல்ல தொட்டு, என்ன பண்ணுனா தெரியுமா? நாக்குல வச்சா. கல்யாண வயசுல உள்ள பொம்பளப்பிள்ளை, இத்தன ஆம்பளைங்க பாத்துட்டு நிக்காக, எஞ்சின் தண்ணிய நக்கிப் பாக்குது. நக்கிட்டுத் துப்பிட்டு, உப்புக் கரிக்குது பெரியப்பாங்கா. எங்க வீட்டுக்காரரும் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தாக. ஆமா உப்புன்னாக. பெறவு லாசரு. பெறவு கரையில நின்னவன்ல பாதிப் பேரு. ஏதோ பிரசாதம் குடுக்குற மாதிரி.

அவ சொன்னது என்னன்னா, எஞ்சினுக்குள்ள ரெண்டு தண்ணி ஓடுமாம். ஒண்ணு நாம ஊத்துற நல்ல தண்ணி, அது உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு கடல் தண்ணி. அத எஞ்சின் உறிஞ்சி, சூட்டத் தணிச்சிட்டு, பொகையோட சேத்து வெளிய தள்ளிரும். இது நல்ல தண்ணியா இருந்தா உள்ள ஏதோ வெடிப்பு விட்டிருக்குன்னு அர்த்தம். உப்புன்னா கடல் உள்ள வருதுன்னு அர்த்தம். எங்கம்மா கொடத்துல கொண்டு போனது கெணத்துத் தண்ணின்னா. நான் சும்மா விடுவேனா? கடல் தண்ணிய மோந்து ஊத்த எவ்வளவு நேரமாகும், வள்ளமே கடல்லதான நிக்குதுன்னேன். கரையில ரெண்டு பேரு சிரிச்சாக. எதுக்குச் சிரிச்சாகன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

அவ, கடல் தண்ணி ஓடி ஆயிலக் குளிர வைக்குற ஆயில் கூலர்னு ஒரு சாமானக் கழத்தி, ஒரு வாய அடைச்சு, மறு வாயில சைக்கிள் பம்பால காத்தடிச்சு, துணி நனைக்குற தொட்டியில முக்குனா. என் தொட்டி, கேக்காமலே எடுத்துட்டா. காத்து முட்டை வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தா. வரல. இது நல்லாருக்குன்னு மாட்டிட்டா. ஆயில மாத்தி எஞ்சின ஓட விட்டா. எவ்வளவு நேரம் ஓடியும் ஆயில் சுத்தமா இருக்கு. பெறவு எஞ்சின நிப்பாட்டி, வள்ளத்தோட பின்பக்கத்த அலைக்குக் காட்டிக் கட்டச் சொன்னா. யாரும் ஏறக் கூடாதுன்னா. அவ அம்மாவ எங்கூடக் கரையில உக்கார வச்சா. என் பக்கத்துலயே, அக்கா. நான் அவ மூஞ்சப் பாக்கல, அவ என் மூஞ்சப் பாக்கல. பொழுது சாயுற வரைக்கும் அப்படியே உக்காந்து அலை வந்து வள்ளத்து முதுகுல அடிக்குறதப் பாத்துக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் போயி ஆயில் கம்பிய உருவுனா, மறுபடி பால் டீ.

ஓடும்போது வரல, நிக்கும்போது வருது, அதனால பைப்பு வழியா வருதுன்னுட்டா. முன்ன அந்த வளைவு இருந்ததால அலைத்தண்ணி ஏற முடியல, இப்ப நேரா வாய்க்கால் மாதிரி உள்ள போகுது, எஞ்சினுக்குள்ள எறங்கி ஆயில்ல கலக்குதுன்னா. பைப்பக் கழத்தி உள்ள வெரல விட்டு, துருவவும் உப்பவும் எல்லாருக்கும் காட்டுனா.

எம் மகன் மொகம் செத்துப் போச்சு. இருக்காதா? கஷ்டப்பட்டுச் செஞ்ச வேலை. அப்படியெல்லாம் தண்ணி மேல ஏறாது, இவ கம்பெனில சொல்லிக் குடுத்தத இங்க வந்து ஒப்பிக்கான்னான். நானும் அதத்தான் சொன்னேன். மத்த வள்ளத்துல எல்லாம் ஏறாத தண்ணி எங்க வள்ளத்துல மட்டும் ஏறுமா? மறுநாள் தடை முடியுது. மொத நாள் போறவனுக்குத்தான் மீனு. பைப்ப மாத்திக்கிட்டு உக்காந்திருந்தா ஊர்ல உள்ளவன் எல்லாம் அள்ளிட்டுப் போயிருவான். ஆயில மட்டும் மாத்திட்டுப் போங்கன்னு நான் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு வலைய அடுக்கப் போயிட்டாக. இவுக எப்பவும் பேச மாட்டாக.

விடியக் காலம், எல்லா வள்ளமும் கெளம்புது. எங்க வள்ளம் கெளம்பல. ஏன்னு பாத்தா, எஞ்சினுக்கு டீசல் போற சின்னச் சின்ன பைப்பு நாலஞ்ச அவ ராத்திரியோட கழத்திக் கொண்டு போயிட்டா. கேட்டா, துணியில சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டுக் கரையில நிக்கா. நான் கேட்டேன், தரல. மறுபடி கேட்டேன், தரல. அடிச்சேன். ஊர் பாக்க கன்னத்துல ஓங்கி ஒண்ணு வச்சேன். அதச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்? பெரியம்மாவுக்கு அடிக்க உரிமை இல்லையா?

அவ கன்னத்தக் கூடத் தடவல. "அடிச்சுக்கோங்க பெரியம்மா. தண்ணி ஏறுன எஞ்சின்ல பெரியப்பாவ நான் அனுப்ப மாட்டேன்"னா.

பாருங்க, நானா என் புருசன அனுப்புறேன்? நான் என்ன எதிரியா? எம் புருசன் மேல எனக்கு இல்லாத அக்கறை இவளுக்கு. அன்னைக்குப் போன வள்ளமெல்லாம் எறா அள்ளிட்டு வந்துச்சு. நாங்க வாசல்ல உக்காந்து ஈ ஓட்டுனோம்.

நான் ஊர் கமிட்டில எழுதிக் குடுத்தேன். கூட்டம் போட்டாக. எதுக்குச் சாமான ஒளிச்சேன்னு அவகிட்ட கேட்டாக. பைப்பு தப்பா இருக்கு, அத ஒசத்தி வளைச்சுட்டாத் தண்ணி வராதுன்னு மட்டும் சொன்னா. பைப்ப யாரு வெட்டுனதுன்னு தலைவரு கேட்டாரு. எம் மகன் மூலையில நிக்கான். இவ அவன ஒரு தரம் பாத்தா. தெரியல, வேலை நடக்கும்போது நான் ஊர்ல இல்லன்னுட்டா. எப்படிக் கள்ளத்தனம் பாத்தியளா? தெரிஞ்சுக்கிட்டே தெரியலன்னு சொல்லுற பிள்ளை. நாளைக்கு உங்க வீட்டுல எதையெல்லாம் மறைப்பான்னு நெனச்சுப் பாருங்க.

கடைசில கமிட்டி, சாமானக் குடுத்துரு, அண்ணன் தம்பி இனிமே ஒண்ணா இருக்க வேண்டாம், பங்கப் பிரிச்சுக்கிடுங்கன்னுச்சு. வள்ளத்த நாங்க எடுத்துக்கிட்டோம். லாசரு பக்கத்து வள்ளத்துல கூலிக்குப் போக ஆரம்பிச்சான். எங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சோறு திங்கல. அதுக்கும் அவதான் காரணம்.

இனிதான் முக்கியமா ஒண்ணு சொல்லப் போறேன். அதுக்குப் பெறவு ஆவணி, புரட்டாசின்னு மாசக்கணக்கா வள்ளம் ஓடுச்சு. எம் மகன் வச்ச அதே பைப்பு, ஒரு வளைவும் கெடையாது. ஆயில்ல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அப்ப அவ சொன்னது பொய்தான? நான் தெருவுல நின்னு சத்தமாவே சொன்னேன், நக்கிப் பாத்துச் சொன்ன வைத்தியம் என்னாச்சுட்டின்னு. ரெஜினாள் கதவச் சாத்திக்கிட்டா.

இவுக என்ன பண்ணியிருக்காகன்னு எனக்கு எப்படித் தெரியும்? கட்டைய முனை சீவி, துணி சுத்தி, ஒரு அடைப்பு செஞ்சு வச்சிருந்திருக்காக. எஞ்சின நிப்பாட்டுன ஒடனே பைப்பு வாயில அடிச்சு எறுக்கிருவாக. கெளப்புறதுக்கு முன்ன உருவிருவாக. சாமானத் திருப்பிக் குடுக்கும்போது அவதான் காதுல சொல்லியிருக்கா. பெரியப்பா, பைப்ப மாத்தாட்டி இதையாவது மறக்காமச் செய்யுங்கன்னு. பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு மனுசனுக்கு யோசனை சொல்லுறது நல்ல பிள்ளை செய்யுற காரியமா?

டெல்வின் எப்பவாவதுதான் கடலுக்குப் போவான், அவனுக்குக் கடல் ஒத்துக்கிடாது. பொங்கல் சமயத்துல ஒரு நாள் ஆள் பத்தலன்னு போனான். போன எடத்துல இந்தக் கட்டையப் பாத்திருக்கான். கோவம் வராதா, அக்கா? தான் செஞ்ச பைப்புக்குப் பெத்த அப்பனே தக்கை வச்சு அடைச்சிருந்தா எந்தப் பிள்ளைக்கு மனசு பொறுக்கும்? தூக்கிக் கடல்ல எறிஞ்சிட்டான். இவுக வலை இழுக்குற மும்முரத்துல பாக்கல. எஞ்சின் நின்னு கெடக்கு, காத்து திரும்பி அலை பின்னால இருந்து அடிச்சிருக்கு. வலைய ஏத்திட்டுக் கெளப்புனா கெளம்பல. டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் வீட்டுல மீன் அலசிக்கிட்டு இருக்கேன். ஒரு பையன் ஓடி வந்து, வயர்லெஸ்ல மாமா கூப்புடுதாகன்னான். ஓடுனேன். கமிட்டி ஆபீசுல இருக்கு அந்த செட்டு. அங்க போனா, யாரு உக்காந்திருக்கா? அவ. பொங்கல் லீவுன்னு வந்திருந்தாளாம். நான் வரதுக்கு முன்னயே எங்க வீட்டுக்காரரு செட்டுல கேட்ட மொத வார்த்தை, அங்க நின்னவுக சொன்னாக, "ஜெனோவா கரையில இருக்காளா?" என் பேரச் சொல்லி, பெர்பெத்து இருக்காளான்னு கேக்கல. ஜெனோவா இருக்காளா.

வள்ளம் தீவுப் பக்கமா ஒதுங்கிப் போயிக்கிட்டு இருக்குன்னாக. அங்க முழுக்கப் பாறை. நங்கூரம் புடிக்கல, இழுத்துக்கிட்டே போகுது. கரையில இருந்து ஆள் போயிச் சேருறதுக்குள்ள பாறை முந்திரும்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்லல. அப்படியும் லாசரு ஒரு வள்ளத்தக் கேட்டு வாங்கிக் கெளம்பிட்டான். எம் மகன் வள்ளத்து முன்னால சுருண்டு கெடக்கானாம், வாந்தி எடுத்து. நான் அந்த மைக்கப் புடுங்கப் போனேன். எம் புருசன், எம் பிள்ளை. நான் பேச வேண்டாமா? அவ என் கையத் தட்டி விட்டா. தட்டி விட்டுட்டு, "அழாதீங்க பெரியம்மா, அங்க பேட்டரி தீந்துரும். தள்ளி நில்லுங்க"ன்னா.

தள்ளி நில்லுங்க. எங்கிட்ட. என் புருசன் கூடப் பேசுறதுக்கு.

நான் செவுத்தோட ஒண்டி நின்னேன். அவ ஒவ்வொண்ணாச் சொல்லுதா. செல்ப் அடிக்காதீங்க பெரியப்பா, உள்ள தண்ணி நிக்கு, அடிச்சா ஒடஞ்சிரும். பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுங்க. டீசல் பைப்ப அவுருங்க. மேல டீசல் பீச்சுற நாசில் நாலு இருக்குலா, நாலையும் கழத்துங்க. அவசரம் வேண்டாம், வாஷரத் தவற விட்டுராதீங்க. இவுக அங்கயிருந்து ஒவ்வொண்ணுக்கும் ம், ம்னு சொல்லுதாக. இப்ப ஓட்டைக்கு நேரா மொகத்த வைக்காம செல்ப லேசாத் தட்டுங்கன்னா. செட்டுல ஒரே இரைச்சல். இவுக கத்துனாக, தண்ணி பீச்சி அடிக்குது தாயீன்னு.

இவ சிரிச்சா, அக்கா. என் புருசனும் பிள்ளையும் பாறையில மோதப் போறாக, இவ சிரிக்கா. கண்ணுல தண்ணி ஓடுது, வாய் சிரிக்குது. கோட்டி புடிச்ச மாதிரி. நல்லது பெரியப்பா, பூரா வெளிய போகட்டும்னா. அப்புறம் கெட்ட ஆயில பம்பு வச்சு உறிஞ்சச் சொன்னா, கேன்ல இருந்த புது ஆயில ஊத்தச் சொன்னா, நாசில மாட்டச் சொன்னா. நடுவுல ஒரு தரம் இவுக, பாறை தெரியுது பிள்ளன்னாக. பாறையப் பாக்காதீங்க, நட்டப் பாருங்கன்னா. பெரியவுகளப் பாத்துப் பேசுற பேச்சா அது? ஆனா அந்த நேரம் யாரும் கண்டிக்கல. பங்குச் சாமியாரே பக்கத்துல நின்னு செபமாலை உருட்டுதாரு.

பெறவு எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. செட்டுக்குள்ள, கொரகொரன்னு. எல்லாரும் நெத்தியில சிலுவை போட்டாக. நான் போட்டேனான்னு எனக்கு ஞாபகமில்ல.

வழியில லாசரு வள்ளம் வந்து சேந்துக்கிட்டு, ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. நான் முழங்கால் தண்ணி வரைக்கும் எறங்கி நிக்கேன். இவுக குதிச்சு வந்தாக. என்னத் தாண்டிப் போயி, அவ தலையில கைய வச்சு, ஒரு ஆம்பளை அழுற அழுகையா அது, ஏங்கி ஏங்கி அழுதாக. எனக்கும் இவுகளுக்கும் கல்யாணமாகி இருவத்தெட்டு வருசம். இவுக அழுது நான் பாத்ததில்ல. அவுக அப்பா செத்தப்பயும் அழல. நான் அந்தத் தண்ணிக்குள்ளயே நின்னேன். என்னை யாரும் வான்னு கூப்புடல. பெறவு டெல்வினக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு நானா வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவளே வெல்டிங்காரனக் கூட்டிட்டு வந்து பைப்ப ஒசத்தி வளைச்சா. ஐஸ் பெட்டியத் தூக்கிக் கரையில போட்டாக, அன்னா கெடக்கு பாருங்க, கோழி அடைக்கேன். அண்ணன் தம்பி மறுபடி ஒண்ணாப் போறாக. கடல்ல இருந்து வந்தா இவுக நேரா பக்கத்துல லாசரு வீட்டுக்குத்தான் போறாக, ரெஜினாள் போடுற டீயக் குடிக்க. அந்த வீட்டுல சிரிக்குற சத்தம் இங்க கேக்குது. நான் கூப்புட்டாப் போக மாட்டேன். கூப்புடவும் இல்ல. அவ மட்டும் எப்பவாவது வாசல்ல நின்னு, பெரியம்மா சொகமான்னு கேப்பா. நான் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த தடவையும் கேப்பா. எவ்வளவு அழுத்தம் பாத்தியளா?

இதுதான் நடந்தது. நான் கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. இப்படிப்பட்ட பிள்ளைய வச்சு நீங்க எப்படிக் குடும்பம்...

என்னது?

கல்யாணம் ஆயிட்டா அந்த வேலையெல்லாம் நிப்பாட்டிருவியளா? எந்த வேலைய? எஞ்சின் நோண்டுற வேலையவா. ஓ. பையனுக்குப் பிடிக்காதாமா. வீட்டுல இருந்தாப் போதுமாமா. மதுரைய விட்டு நகர வேண்டாமாமா, ஊருக்கு வருசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதுமாமா.

இருங்க அக்கா, இருங்க. நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன், நீங்க என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்திய? நான் அவ திமிரச் சொன்னேன். அழுத்தத்தச் சொன்னேன். வேலை தெரியாதுன்னு சொன்னேனா? நாலு வருசம் கிரீசுக்குள்ள கெடந்து கத்துக்கிட்டது உங்க வீட்டுல சாம்பார் வைக்கவா? சாம்பார் எங்க டெல்வின் கூட வைப்பான்.

இந்த நேரத்துல எங்க வீட்டுக்காரரு எங்க இருக்காகன்னு நெனைக்கிய? கடல்ல. காலையில இருந்து காத்து எப்படி அடிக்குதுன்னு பஸ்ஸுல வரும்போது பாத்தியளா? பாத்திருக்க மாட்டிய, உங்களுக்கு எதுக்கு. அந்த செட்டு முன்னால நாளைக்கு யாரு உக்காருவா? நீங்க உக்காருவியளா? உங்க மகன் உக்காருவானா, கம்ப்யூட்டர் தட்டுற கையோட? தண்ணி உப்பா, இல்லையான்னு யாரு நாக்குல வச்சுச் சொல்லுவா?

கோவப்படல. நான் ஒண்ணும் கோவப்படல. என் சத்தமே இப்படித்தான்.

எந்திரிச்சிட்டியளா. சரி. லாசரு வீட்டுக்குப் போகணுமா? அங்க இப்பப் போகாதிய. யாரும் இல்ல. கோயிலுக்குப் போயிருக்காக, வர நேரமாகும். உள்ள ஆள் பேசுற சத்தமா? அது டிவி. அணைக்காமப் போயிருக்காக. நான் சொல்லிக்கிடுதேன், நீங்க வந்திய, பாத்திய, பிடிக்கலன்னு.

பெர்பெத்து அந்தப் பிள்ளையப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லலன்னு உங்க வீட்டுல போயிச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. வேற யாரும் கேட்டு வந்துராம, தரகர்கிட்டயும் சொல்லிருங்க. பஸ்ஸு அன்னா நிக்குது, ஓடிப் போங்க, விட்டா அடுத்தது சாயங்காலந்தான்.